ஓதம் வந்த வழி: லண்டன் நிலவறை வீடு ஒன்றில் தரை மாற்றிய கதை

வடலண்டனில் 1860களில் கட்டப்பட்ட வரிசைவீடு ஒன்றின் நிலவறைக் குடியிருப்பு இது. வீட்டுத்தரை தெருமட்டத்துக்கு ஏறத்தாழ 1.3 மீட்டர் கீழே இருக்கிறது. தெருப்பக்கம் படியிறங்கி வரும் குறுகிய முன்பள்ளம். அதற்கப்பால், நடைபாதைக்கு அடியில், ஒருகாலத்தில் நிலக்கரி கொட்டிவைத்த வளைவறைகள். முன்னறைக்கும் நடு அறைக்கும் மரப்பலகைத் தரை, பின்பக்கச் சமையலறைக்குக் கான்கிரீட் தரை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் முன்னறைக் கம்பளத்தை எடுத்துவிட்டு வீடு முழுவதும் லேமினேட் பலகை போட்டிருந்தார்கள். இரண்டாவது குளிர்காலத்தில் பலகைகளின் இணைப்புகள் உப்பி எழுந்தன. புத்தக அலமாரிக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்தது. காலையில் கதவைத் திறந்தால் ஊறிய சாக்கின் வாடை அடித்தது. நான் கட்டட ஆய்வாளன். லேமினேட்டை எடுத்துவிட்டு ஓக் பலகை போடலாமா என்று கேட்கத்தான் உரிமையாளரான அம்மையார் என்னை அழைத்தார்.

அதற்கு முன்பே ஈரத்தடுப்பு வேலை செய்யும் நிறுவனம் ஒன்று இலவசமாகவே வந்து பார்த்துவிட்டு, எல்லாச் சுவர்களிலும் தரையை ஒட்டித் துளையிட்டு இரசாயனம் செலுத்துவது, ஒரு மீட்டர் உயரத்துக்குப் பழைய பூச்சை உதிர்த்துச் சிமெண்டுப் பூச்சு போடுவது, தரையில் பாலித்தீன் விரித்து மறுபடி லேமினேட் போடுவது என்று மதிப்பீடு கொடுத்திருந்தது. வைத்தியரே மருந்துக்கடையும் வைத்திருக்கும்போது சீட்டில் மருந்து நீளமாகத்தான் இருக்கும். ஆனாலும் அதை எடுத்த எடுப்பில் ஒதுக்கிவிட முடியாது. சுவரில் ஈரத்தடுப்பு வரிசை வைத்தே கட்டவேண்டும் என்னும் விதி இங்கிலாந்தில் 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தையொட்டித்தான் பரவலாயிற்று. இந்த வீடு அதற்கு முந்தையது. சுவரில் கற்பலகை வரிசையோ தார் வரிசையோ எதுவும் இல்லை. மண்ணிலிருந்து ஈரம் ஏற வழி இருக்கிறது என்பது உண்மை. ஏறுகிறதா, எவ்வளவு ஏறுகிறது, தரையைக் கெடுத்தது அதுதானா என்பவைதான் கேள்விகள்.

இப்படிப்பட்ட நிலவறைகள் வாழ்வதற்காகக் கட்டப்பட்டவையல்ல. சமையற்கட்டும் பாத்திரம் கழுவும் இடமும் வேலையாட்களும் இருந்த தளம் அது. நாள் முழுவதும் நிலக்கரி அடுப்பு எரிந்தது, புகைபோக்கி காற்றை இழுத்தது, சன்னல் சட்டங்கள் காற்றை விட்டன. சுவர் நனைந்தாலும் நனைந்த வேகத்திலேயே உலர்ந்தது. பின்னாளில் புகைபோக்கியை அடைத்து, இரட்டைக் கண்ணாடிச் சன்னல் வைத்து, தரையை மூடியபோது உள்ளே வரும் நீர் கூடவில்லை. வெளியே போகும் வழிதான் குறைந்தது. தமிழில் ஓதம் என்றால் ஈரக்கசிவு, அலையும் ஓதந்தான். ஏறவும் இறங்கவும் செய்வது என்னும் பொருள் அந்தச் சொல்லிலேயே கிடக்கிறது.

சிவப்பு விளக்கும் உண்மையான நீரும்

முதலில் வந்தவர் பயன்படுத்தியது இரண்டு ஊசி வைத்த மின்தடை அளவி. மரத்தின் ஈரத்தை அளப்பதற்கென அமைக்கப்பட்ட கருவி அது. மரத்தில் அது காட்டும் விழுக்காட்டை ஓரளவு நம்பலாம். செங்கல்லிலும் பூச்சிலும் அதே எண்ணுக்குப் பொருளில்லை. ஓரிடத்தைவிட இன்னோரிடம் எப்படி என்று ஒப்பிடத்தான் அது உதவும். மேலும், பல பத்தாண்டுகளாக மண்ணிலிருந்து ஏறிய நைட்ரேட், குளோரைடு உப்புகள் பூச்சில் தங்கிவிட்டால், சுவர் ஏறக்குறைய உலர்ந்திருந்தாலும் அந்த உப்புகளே மின்சாரத்தைக் கடத்திச் சிவப்பு விளக்கை எரியவைக்கும். அந்த உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். மழைக்காலத்தில் உப்புப் பானை கசிவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே செங்கல்லுக்கு இடையிலுள்ள சாந்தில் மெதுவான வேகத்தில் துளையிட்டு, வெவ்வேறு உயரங்களில் தூள் எடுத்து, காற்றுப்புகாத குப்பிகளில் அடைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். வந்த நிலையிலுள்ள எடை, 75 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றில் வைத்தபின் எடை, அடுப்பில் உலர்த்தியபின் எடை என்று மூன்று முறை நிறுத்தால், சாந்திலிருக்கும் மொத்த ஈரம் எவ்வளவு, அதில் உப்பு தானாகக் காற்றிலிருந்து இழுத்துக்கொள்ளக்கூடியது எவ்வளவு என்று பிரித்தறியலாம். முன்சுவரில், தரைக்கு மேல் 300 மி.மீ. உயரத்தில், மொத்த ஈரம் 4.1 விழுக்காடு, உப்பு இழுக்கக்கூடியது 3.6. அதாவது அங்கே விளக்கை எரியவைத்தது பெரும்பாலும் பழைய உப்பு. பின்பக்கச் சமையலறைச் சுவரிலோ மொத்த ஈரம் 14, உப்பின் பங்கு 2.5. அங்கே நீர் வந்துகொண்டே இருந்தது. ஒரே வீட்டின் இரண்டு சுவர்களுக்கு ஒரே மருந்து எழுதியிருந்தது தவறு என்பது இந்த நான்கு எண்களிலேயே தெரிந்துவிட்டது.

சமையலறை

லேமினேட்டைத் தூக்கியபோது அடியில் ஒன்பது அங்குலச் சதுர ஓடுகள் பாதித் தரையில் இருந்தன. மீதிப் பாதியில் கறுப்புத் தார்ப்பசையின் கோடுகள் மட்டும். 1950களிலும் 60களிலும் பரவலாகப் போட்ட வெப்பநெகிழ் ஓடுகள் அவை. அவ்வகை ஓடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் கலந்திருப்பது வழக்கம். பிரிட்டனில் வெள்ளைக் கல்நாரும் தடைசெய்யப்பட்டது 1999இல்தான் என்பதால், அதற்கு முந்தைய எந்தத் தரையையும் பரிசோதிக்காமல் சுரண்டக் கூடாது. இங்கே மாதிரி அனுப்பியதில் வெள்ளைக் கல்நார் இருப்பது உறுதியாயிற்று. இரண்டாண்டுக்கு முன் லேமினேட் போட வந்தவர் எழும்பியிருந்த ஓடுகளை எந்தச் சோதனையும் இல்லாமல் பெயர்த்துக் குப்பையில் போட்டிருக்கிறார். மீந்தவற்றை நனைத்து, உடையாமல் எடுத்து, இரட்டைப் பையில் கட்டி உரிய கழிவிடத்துக்கு அனுப்பினோம்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. அந்தத் தரையில் ஈரத்தைத் தடுத்துவந்தது அந்தத் தாரும் ஓடும்தான். 1960களின் கான்கிரீட்டுக்கு அடியில் பாலித்தீன் கிடையாது. தார்ப்படலம் அரைகுறையாகவேனும் அறுபது ஆண்டு வேலை செய்தது. பாதியைச் சுரண்டியதும் அந்தப் பாதியின் வழியே ஏறிய ஈரம், லேமினேட்டுக்கு அடியிலுள்ள நுரைப்படலத்தில் சிக்கிப் பலகைகளின் ஓரத்தில் புகுந்தது. உப்பிய பலகைகளையும் ஓடு பெயர்த்த இடங்களையும் ஒரே வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்தன.

ஆனால் சமையலறைச் சுவரின் 14 விழுக்காட்டு ஈரத்துக்கு அது மட்டும் காரணமாக முடியாது. பின்முற்றத்தின் கற்தளம் சமையலறைத் தரையைவிட 60 மி.மீ. உயரமாக இருந்தது, பழைய தளத்தை எடுக்காமல் அதன்மேலேயே புதியதைப் போட்டிருந்தார்கள். கூரைநீர்க் குழாயும் சமையலறைத் தொட்டிக் குழாயும் வந்துசேரும் வடிகால் வாய் சுவரை ஒட்டியே இருந்தது. சமையலறை நடுவில் துரப்பணத்தால் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கையகலத் துளை ஒன்று போட்டோம். அடுத்த நாள் அதில் 400 மி.மீ. ஆழத்தில் நீர் நின்றது. நிலத்தடி நீரா, குழாய் நீரா? மாலை நான்கு மணிக்கு வடிகால் வாயில் ஒளிரும் பச்சைச் சாயத்தை ஊற்றி இரண்டு வாளி நீரும் விட்டோம். மறுநாள் காலை எட்டு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோது துளையின் அடியில் நீர் மாமிசத்தில் மொய்க்கும் பச்சை ஈயைப்போல மினுங்கியது. சுட்டமண் குழாயின் முதல் இணைப்பே விரிந்திருந்தது.

குழாயை மாற்றினார்கள். துளையை மூடாமல் மூன்று வாரம் விட்டுவைத்தேன். நீர் வற்றியது, திரும்ப ஊறவில்லை. இந்தக் காத்திருப்புதான் இந்த வேலையின் அச்சாணி. நீர் மறுபடி ஊறியிருந்தால் நிலத்தடி நீர் தரையை அழுத்துகிறது என்று பொருள். அப்போது நிலத்தடிக் கட்டுமானங்களுக்கான பிரிட்டிஷ் தரம் 8102 சொல்லும் முறைகளில் ஒன்றை, பெரும்பாலும் உட்புறம் குமிழ்குமிழாகப் புடைத்த பிளாஸ்டிக் தகடு பதித்து, வடியும் நீரைக் குழியில் சேர்த்து மோட்டாரால் இறைக்கும் முறையைத்தான் நாடியிருக்க வேண்டும். அந்த மோட்டாரைக் காலமெல்லாம் பராமரிக்க வேண்டும். இங்கே அதற்குத் தேவை எழவில்லை.

புதிய தரைக்கு எவ்வளவு தோண்டலாம் என்பதை ஈரம் தீர்மானிக்கவில்லை, அடித்தளம் தீர்மானித்தது. சுவரோரம் சோதனைக்குழி எடுத்ததில், படிப்படியாக அகன்ற செங்கல் அடித்தளம் தரைக்குக் கீழே 300 மி.மீ.யிலேயே முடிந்துவிட்டது. அதற்குக் கீழே தோண்டினால் சுவரின் கால் அந்தரத்தில் நிற்கும். அண்டை வீட்டிலிருந்து மூன்று மீட்டருக்குள் அவர்களுடைய அடித்தளத்தைவிட ஆழமாகத் தோண்டுவதென்றால் 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி ஒரு மாதம் முன்பே அறிவிப்பும் கொடுக்க வேண்டும். 250 மி.மீ.க்கு மேல் தோண்டுவதில்லை என்று நிறுத்திக்கொண்டோம். அந்த ஆழத்துக்குள் 120 மி.மீ. நுரைக்கண்ணாடிச் சல்லி, துணிப்படலம், 100 மி.மீ. சுண்ணாம்புக் கான்கிரீட், அதன்மேல் மெருகில்லாத சுடுமண் ஓடு. சல்லியின் துண்டுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி பெரிது. நுண்குழாய் வழியாக நீர் ஏற அது இடங்கொடாது. வெப்பக் காப்பும் அதுவே. தரையைப் புதுப்பித்தால் வெப்பக் கடத்தல் அளவு 0.25க்குள் வரவேண்டும் என்று கட்டட விதிகள் எதிர்பார்க்கின்றன. எங்கள் கணக்கில் 0.3க்குச் சற்று மேலே நின்றது. மேலும் தோண்ட முடியாததையும் அறையின் உயரம் குறைவாக இருப்பதையும் காட்டியபோது விதி ஆய்வாளர் ஏற்றுக்கொண்டார்.

பாலித்தீனும் சிமெண்டுக் கான்கிரீட்டும் ஏன் போடவில்லை என்று அம்மையார் கேட்டார். தரையில் பிளாஸ்டிக் விரித்தால் ஈரம் சுவருக்குத் தள்ளப்படும் என்று பழங்கட்டடப் பிரியர்கள் சத்தியம் செய்வார்கள். தண்ணீரை யாரும் தள்ளுவதில்லை என்பதே என் கருத்து. முன்பு தரை முழுவதும் ஆவியான ஈரத்துக்கு இப்போது சுவரோரம் மட்டுமே மிஞ்சுவதால் அங்கே கூடுகிறது, அவ்வளவுதான். அப்படிக் கூடிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றில் அதே சமயம் சுவருக்கும் சிமெண்டு பூசியிருந்தார்கள் என்பதால் பழியைப் பிளாஸ்டிக்கின் மேல் மட்டும் போட எனக்குத் தயக்கம் உண்டு. இங்கே சுண்ணாம்பைத் தேர்ந்ததற்கு எளிய காரணம், நனைந்த சுவர் உலர இன்னும் பல மாதம் ஆகும், அதுவரை தரையும் அதற்கு ஒத்துழைக்கட்டும் என்பது. பிளாஸ்டிக் படலம் இல்லாத தரை என்பதால், மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடானையும் பார்க்க வேண்டியிருந்தது. மூன்று மாதம் இரண்டு அறைகளில் சிறு உணரிகளை வைத்து அளந்ததில் கனமீட்டருக்கு 100 பெக்கரலுக்குக் கீழே இருந்தது. நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவு 200. எண் வேறாக இருந்திருந்தால் பிளாஸ்டிக்கைத்தான் விரித்திருப்பேன்.

பலகைக்கு அடியில்

முன்னறையில் கதை வேறு. 100 மி.மீ. உயரத் தாங்குகட்டைகள் குட்டைச்சுவர்களின் மேல் படுத்திருந்தன. மண்ணுக்கும் கட்டைக்கும் இடையே 230 மி.மீ. வெற்றிடம். மரத்தரைக்கு அடியில் குறைந்தது 150 மி.மீ. இடைவெளியும் குறுக்காகக் காற்றோட்டமும் வேண்டும் என்கிறது கட்டட விதிகளின் சி ஆவணம். இடம் இருந்தது, காற்று இல்லை. முன்சுவரிலிருந்த மூன்று காற்றுச்செங்கற்களில் ஒன்றின் துளைகளைப் பெயிண்ட் அடைத்திருந்தது. ஒன்று முன்பள்ளத்தின் புதிய தளத்துக்குள் பாதி புதைந்திருந்தது. மூன்றாவதின் வழியாகத் தொலைபேசிக் கம்பியை இழுத்துவிட்டு நுரை அடித்து மூடியிருந்தார்கள். பின்பக்கம் போகவேண்டிய காற்றை 1960களின் சமையலறைக் கான்கிரீட் முழுமையாக மறித்துவிட்டது. அப்போதே அதனடியில் இரண்டு குழாய்களைப் போட்டிருந்தால் செலவு சில ஷில்லிங்தான் ஆகியிருக்கும்.

முன்சுவருக்குள் செருகியிருந்த கட்டை முனைகளில் ஈரம் 31 விழுக்காடு. அறை நடுவில் 19. மரத்துக்கு 20ஐத் தாண்டினால் ஆபத்து. ஒரு முனையில் திருப்புளியை விரலால் அழுத்தியதும் பிடிவரை இறங்கிற்று. மரம் பழுப்பாகி, சிறு கட்டங்களாக வெடித்திருந்தது. மேலே மெல்லிய கருப்பிழைகள். இது நிலவறைப் பூஞ்சை என்னும் ஈர அழுகல். உலர் அழுகல் என்றால் சாம்பல் நிறத் தடித்த இழைகள் செங்கல்லையும் தாண்டிப் போயிருக்கும், துருநிறத் தூளும் படிந்திருக்கும். அரை நாள் தேடியும் அவை தென்படவில்லை. ஈர அழுகலுக்கு ஈரத்தை நிறுத்தினால் போதும், அது தானாக நிற்கும். உலர் அழுகலாக இருந்தால் பூச்சைப் பெயர்த்துச் சுவருக்குள்ளேயே துரத்த வேண்டியிருக்கும்.

இங்கேதான் முதல் மதிப்பீட்டின் பெரிய ஓட்டை. தரைக்கு மேலே சுவரில் பழைய உப்புதான் இருந்தது. பலகைக்குக் கீழே எடுத்த தூளில் ஈரம் 16 விழுக்காடு. இரசாயனத்தைச் சுவரின் அடியோரம் பதித்திருக்கும் ஸ்கர்ட்டிங் பலகைக்கு மேலேதான் செலுத்துவார்கள். நனைந்த சுவரில் செருகியிருக்கும் கட்டை முனைகள் அதற்குக் கீழே. ஆயிரக்கணக்கில் செலவழித்தும், தரையைத் தாங்கும் மரம் தண்ணீருக்குள்ளேயே இருந்திருக்கும். மேலே சிமெண்டுப் பூச்சு எல்லாவற்றையும் மறைத்திருக்கும்.

இன்னொன்றும் அகப்பட்டது. நடு அறைப் பலகைகளை எடுத்தபோது ஓரிடத்தில் மட்டும் கட்டைகளின் அடிப்பக்கம் வியர்த்து முத்து முத்தாக நீர் தொங்கியது. அருகில் வெள்ளைக் குழாய் ஒன்றின் வாய். குளியலறை விசிறியின் குழாயை வெளிச்சுவர்வரை கொண்டுபோக அலுத்துக்கொண்டு பலகைக்கு அடியிலேயே விட்டுவிட்டார் யாரோ. வீட்டில் நான்கு பேர்; நாளுக்கு நான்கு குளியலின் நீராவி தரைக்கடியில். 20 பாகை வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று 14 பாகைக்குச் சற்று மேலேயே பனித்துவிடும். தரைக்கடி மண்ணோ ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 11, 12 பாகை. மழையே பெய்யாவிட்டாலும் அந்தக் கட்டைகள் நனைந்திருக்கும்.

காற்றோட்டக் கணக்கு எளிது. இரண்டு அறைகளும் சேர்ந்து 34.4 ச.மீ.; ஒரு ச.மீ. தரைக்கு 500 ச.மி.மீ. திறப்பு வீதம் 17,200 ச.மி.மீ. வேண்டும். பழைய சுடுமண் காற்றுச்செங்கல் ஒன்றில் 1,500 ச.மி.மீ. கிடைப்பதே அரிது. மூன்றும் திறந்திருந்த காலத்திலும் அது தேவையில் கால்பங்குதான். முன்பக்கம் பெருந்துளை உள்ள நான்கு புதியவற்றை வைத்தோம். பின்பக்கத்துக்குப் புதிய சமையலறைத் தரையின் சல்லி அடுக்குக்குள் 110 மி.மீ. குழாய்கள் இரண்டு. குழாய் போன தடத்தில் வெப்பக் காப்பு மெலிந்ததைத் தவிர்க்க முடியவில்லை. வெளிமுற்றத்தைச் சுவரோரம் வீட்டுத்தரை மட்டத்துக்குக் கீழே 150 மி.மீ.க்குத் தாழ்த்திக் கூழாங்கல் நிரப்பிய பிறகும் குழாயின் வாய் மண்மட்டத்தில் நின்றதால், சுவருக்குள்ளேயே மேலேறி வெளியே திறக்கும் வளைவுப் பெட்டிகளைப் பொருத்தினோம்.

அழுகிய முனைகளை நல்ல மரம் வரும் இடத்துக்கும் அப்பால் 400 மி.மீ. தள்ளி வெட்டினார்கள். புதிய கட்டைகள் இனிச் சுவருக்குள் போகாது. சுவரிலிருந்து 25 மி.மீ. விலகி, ஈரத்தடுப்புப் பட்டை விரித்த புதிய குட்டைச்சுவரின் மேல் உட்காரும். கட்டைகளுக்கு நடுவே மரநார்க் காப்பை வலையில் தாங்கவைத்தோம். விசிறிக் குழாய் வெளிச்சுவருக்குப் போயிற்று. அம்மையாரின் விருப்பமான ஓக் பலகை, முழுமரமாக அல்லாமல் அடுக்குப் பலகையாக, இரண்டு வாரம் அறையிலேயே கிடந்து பழகிய பின் போடப்பட்டது. இவற்றையெல்லாம்விட நீண்ட தாமதம் ஒப்பந்தத்தால் நேர்ந்தது. அம்மையார் வீட்டை வாங்கியது நீண்டகாலக் குத்தகையாக. அந்தப் பத்திரத்தின்படி பலகை மட்டுமே அவருடையது, கட்டைகளும் அடிமண்ணும் நில உரிமையாளருடையவை. எழுத்துமூல அனுமதி வர பதினோரு வாரம் ஆயிற்று. வடிகால் குழாய்ச் செலவை நில உரிமையாளர் ஏற்றது அதில் கிடைத்த ஆறுதல்.

சமையலறைச் சுவரைப் பூசாமல் எட்டு மாதம் வெறும் செங்கல்லாகவே விட்டேன். நனைந்த சுவர் மாதத்துக்கு ஓர் அங்குலம் உலரும் என்பது தொழிலில் வழங்கும் வாய்ப்பாடு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம். விருந்தினர் வரும்போதெல்லாம் அந்தச் சுவரைத் துணி போட்டு மறைக்க வேண்டியிருந்தது என்று அம்மையார் சலித்துக்கொண்டது நியாயமே. பிறகு சுண்ணாம்பு பூசினோம்.

வேலை முடிந்து பதினான்கு மாதம் கழித்து மறுபடி அளந்தேன். நடு அறையில் பலகைக்குள் விட்டுவைத்த கம்பிமுனைகளில் கட்டையின் ஈரம் 15 விழுக்காடு, முன்சுவர் ஓரத்தில் 17. சமையலறைச் சாந்து 14இலிருந்து 5க்கு இறங்கியிருந்தது. ஓக் பலகையில் இடைவெளியும் இல்லை, எழும்பலும் இல்லை. சரியாகாதது ஒன்று உண்டு. முன்னறைப் புகைபோக்கியின் இடப்பக்கம், முழங்கால் உயரத்தில், தட்டளவு இடத்தில் பூச்சை இருமுறை மாற்றியும் மழைநாளில் நிறம் கறுத்து, வெயில் வந்தால் வெளுக்கிறது. நூறாண்டு நிலக்கரிப் புகையின் உப்பு செங்கல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதை எடுக்க வேண்டுமானால் செங்கல்லையே எடுக்க வேண்டும். அம்மையார் அங்கே நாற்காலி ஒன்றைப் போட்டிருக்கிறார், சுவரைத் தொடாமல், நான்கு விரல் தள்ளி.